சர்வகலாசாலையை ஊர்தோறும் கொண்டு சென்ற ஜேம்ஸ் ஸ்டூவர்ட்

பட்டம் பெற்று வெளியேறிய அன்றே புத்தகத்தைக் கட்டி வைத்துவிடலாமென்று எண்ணுவோர் ஒரு சாரார். கலாசாலையின் வாயிலை மிதிக்கவும் கொடுத்துவையாமல், பகல் முழுதும் தொழில் செய்து, மாலையிலேனும் எதையாவது முறையாகக் கற்க வழியுண்டாவென்று ஏங்குவோர் மற்றொரு சாரார். எந்நாட்டிலும் பின்னவர் தொகையே பெரிது. இக்காலத்தில் சர்வகலாசாலைகள் பலவும் உத்தியோகத்திலிருப்போருக்கென மாலை வகுப்புகளும், விடுமுறை வகுப்புகளும், தபால் வழிப் பாடங்களும் நடத்துகின்றன. ஆசிரியர் தம் பாடத்தைப் புதுப்பித்துக் கொள்ளவும், தொழிலாளர் தம் தொழிலின் உள்நுட்பத்தை அறியவும் இவை உதவுகின்றன. நாமும் இவற்றை ஏதோ இயற்கையாய் அமைந்தனபோலக் கருதிவிடுகின்றோம். இவை இயற்கையாய் அமைந்தன அல்ல. இருபத்துநான்கு வயதுடைய ஓர் இளைஞர் 1867-ஆம் ஆண்டில் நான்கு ஊர்களுக்கு இரயிலேறிச் சென்று வானநூல் கற்பித்ததிலிருந்து இவ்வழக்கம் பெரிதும் வளர்ந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவர் வரலாற்றையே நாம் இங்குக் கூறப்புகுகின்றோம்.

முதற்கண் அக்காலத்து இங்கிலாந்தின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். அந்நாட்டில் அப்போதிருந்த சர்வகலாசாலைகள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹாம், லண்டன் என நான்கே. முதலிரண்டும் பெரும்பாலும் செல்வர் புதல்வர்க்கும், மதகுருமார் ஆகவிருப்போர்க்குமே பயன்பட்டன. அரசாங்கத் திருச்சபையைச் சேராதார்க்கு அங்கே பதவிகள் கிட்டா. அத்தடை 1871-இற்றான் நீங்கிற்று. பெண்டிர்க்கோ எங்கும் இடமில்லை. தொழிலாளருக்கென 1820-ஆம் ஆண்டுகளிலிருந்து தொழிற்கல்விச் சங்கங்கள் பல ஊர்களில் எழுந்திருந்தன. லண்டனில் டாக்டர் ஜார்ஜ் பெர்க்பெக் 1823-இல் தொடங்கியது அவற்றுள் பேர்பெற்றது. ஆயினும் காலப்போக்கில் இச்சங்கங்கள் பலவற்றில் நிகழ்ந்தவை ஒற்றை உபந்நியாசங்களே. ஒரு வாரம் மின்சாரம், மறுவாரம் எகிப்து தேசத்துக் கோபுரங்கள், அதற்கடுத்த வாரம் ஒரு கவியின் வாழ்க்கை என்றிவ்வாறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நடக்கும். கேட்டோர் மகிழ்ந்து கைதட்டிச் செல்வர். கற்றோம் என்று சொல்லத்தக்கது கையில் ஒன்றும் நில்லாது.

ஸ்டூவர்ட் 1843-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பைஃப் மாகாணத்திலுள்ள மார்கிஞ்ச் என்னும் ஊரின்கண் பிறந்தார். அவர் தந்தையார் ஆளிச்செடியின் நாரை நூற்கும் ஆலையொன்றன் உரிமையாளர். ஆதலின் சக்கரமும் பட்டையும் சுழலும் ஓசையை அவர் இளமையிலேயே கேட்டு வளர்ந்தார். பிற்காலத்தில் எந்திரக்கலைப் பேராசிரியரானவர்க்கு இஃது ஒரு நல்ல அரிச்சுவடியே.

அவர் கல்வி பயின்ற பள்ளியின் பெயர் நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்திலுள்ள அப்பள்ளிக்கு மதராஸ் கலாசாலை என்று பெயர். ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரொன்றில் நம் மதராஸ் எவ்வாறு சென்று சேர்ந்ததெனின், அந்நகரத்திற் பிறந்த டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்பார் 1787-இல் சென்னைக்கு வந்து, எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கென அமைந்த விடுதிப்பள்ளியை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் கண்டார். மூத்த மாணாக்கரே இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வகுத்து, 1796-இல் தாய்நாடு திரும்பியபின் அதனை மதராஸ் முறை என்று அங்கே பரப்பினார். அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு எழுந்த அப்பள்ளி 1833-இல் திறக்கப்பெற்றது. எழும்பூர் மணலில் தோன்றிய ஓர் எண்ணத்தின் பெயரைத் தாங்கிய பள்ளியில் ஸ்டூவர்ட் பயின்றாரென்பது நமக்குச் சிறிது பெருமை தருவதே. ஆசிரியரில்லாத இடத்திலும் கல்வி நடத்தலாமென்னும் துணிவு அவர்க்கு அங்கிருந்தே வந்ததென்று நாம் சாதிக்கமாட்டோம்.

ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையில் பயின்றபின் அவர் கேம்பிரிட்ஜ் சென்று டிரினிட்டி கலாசாலையிற் சேர்ந்தார். 1866-இல் நடந்த கணிதப் பரீட்சையில் மூன்றாமவராகத் தேறி, அக்கலாசாலையின் ஆய்வுறுப்பினராகவும் அமர்ந்தார். அந்நாளில் இத்தகைய நிலையை எய்திய இளைஞர் பலர் வசதியான அறையும் விருந்துமேசையும் கிடைத்ததென்று அமைந்துவிடுவர். ஸ்டூவர்ட்டுக்கோ அவ்வமைதி வரவில்லை. இவ்வளவு நூல்களும் ஆசிரியரும் ஓரிடத்தே குவிந்துகிடக்க, நாட்டின் பெருநகரங்களில் இலட்சக்கணக்கானோர் அதன் நிழலையும் காணாமல் வாழ்கின்றனரே என்னும் எண்ணம் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. சர்வகலாசாலைக்கு மக்கள் வர இயலாதாயின், சர்வகலாசாலை மக்களிடம் செல்லுதல் வேண்டுமென அவர் கருதினார்.

அதற்கு வாய்ப்பு 1867-இல் வந்தது. இங்கிலாந்தின் வட பகுதியில் பெண்பள்ளிகளின் ஆசிரியைகள் தம் கல்வியை மேம்படுத்திக் கொள்ள விரும்பிச் சங்கங்கள் கூட்டினர். அவற்றை ஒன்றுசேர்த்துப் பெண்களின் உயர்கல்வி வளர்ச்சிக்கென வட இங்கிலாந்துச் சபை அமைந்தது. லிவர்பூலில் வாழ்ந்த ஜோஸபின் பட்லர் அம்மையார் அதன் தலைவர். ஆன் கிளஃப் அம்மையார் அதன் உயிர். (இவ்விரண்டாமவரே பின்னர்க் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான நியூனம் கலாசாலையின் முதல் தலைவியானவர்.) கல்வி கற்பிக்கும் கலையைப் பற்றி விரிவுரை செய்யுமாறு இவர்கள் ஸ்டூவர்ட்டை வேண்டினர்.

அவர் இசைந்தார், ஆனால் பொருளை மாற்றினார். கற்பிப்பது எப்படியென்று பேசுவதினும், ஏதேனும் ஒரு கலையை எடுத்து அதனை நன்கு கற்பித்துக் காட்டுவதே ஆசிரியைகளுக்குப் பயன்படுமென்றும், கற்பிக்கும் முறை அதனுள்ளேயே புலப்படுமென்றும் அவர் எண்ணினார். எனவே வானநூலைப் பற்றி எட்டு விரிவுரைகளைத் தொடர்ச்சியாக நடத்துவதென முடிவாயிற்று. இத்தீர்மானம் மிகச் சிறியது போலத் தோன்றினும், ஸ்டூவர்ட்டின் அறிவுநுட்பம் முழுதும் இதில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகின்றோம். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளுக்குச் சென்று, கற்பித்தலின் இலக்கணங்களை எழுதிக்கொண்டு, பாடத்தில் ஒன்றும் கூடுதலாகக் கல்லாமல் திரும்பிய அனுபவம் நம்மவரிற் பலர்க்கும் உண்டன்றோ!

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெபீல்டு ஆகிய நான்கு நகரங்களிலும் அவர் வாரத்துக்கொருமுறை சென்று விரிவுரை நிகழ்த்தினார். ஊருக்கு முப்பது பேர் வரினும் போதுமென்றிருந்தவர்க்கு, நான்கு ஊர்களிலும் சேர்த்து 500-க்கு மேற்பட்ட பெண்கள் வந்தமர்ந்தது பெருவியப்பாயிற்று.

வந்தமர்ந்தோர் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுத்துப் பழகாதவர்கள். இதனைக் கண்ட ஸ்டூவர்ட், பாடத்தின் தலைப்புகளையும் அவற்றின் தொடர்பையும் சுருக்கமாக அச்சிட்டுக் கையிற் கொடுத்தார். கேட்டது மறந்தாலும் வீட்டிற்குப் போய் அத்தாளைப் பார்த்துச் சிந்திக்கலாம். இன்று எந்த வகுப்பிலும் முதல் நாளே கொடுக்கப்படும் பாடத்திட்டத் தாளின் மூதாதை இது.

அடுத்த தடை வேறுவகையினது. கேட்டோர்க்குப் பாடம் விளங்கிற்றாவென அறியக் கேள்வி கேட்டல் வேண்டும். ஆனால் இளைஞரான ஆசிரியர் ஒருவர் குமரிகள் நிறைந்த சபையில் வாய்மொழியாகக் கேள்வி கேட்பதும் அவர்கள் எழுந்து விடையிறுப்பதும் தகாதென்று அக்காலத்துப் பெரியோர் கருதினர். இதற்குச் சினந்து பயனில்லையென்று கண்ட ஸ்டூவர்ட், கேள்விகளையும் அச்சிட்டுக் கொடுத்து, விடைகளை வீட்டிலேயே எழுதித் தபாலில் அனுப்புமாறு ஏற்பாடு செய்தார். சிலரே எழுதுவரென்று அவர் எதிர்பார்த்திருக்க, வாரந்தோறும் ஏறக்குறைய 300 விடைத்தாள்கள் வந்து குவிந்தன. அவை யாவற்றையும் அவரே திருத்தித் திருப்பியனுப்பினார். விடைத்தாள் திருத்தும் துன்பம் அறிந்த நம் கலாசாலை ஆசிரியர்கள், ஓடும் வண்டியிலும் தங்குவிடுதியிலும் தாளும் பேனாவுமாக அமர்ந்திருந்த அவ்விளைஞரை எண்ணி இரங்குவார்கள். ஆனால் அவர் அடைந்த பயன் பெரிது. நாணம் காரணமாக ஏற்பட்ட இவ்வேற்பாடு, பேச்சில் வல்லவர்க்கன்றிச் சிந்தனையில் வல்லவர்க்கு இடமளித்தது. ஊமைபோல் கடைசிப் பலகையில் அமர்ந்திருந்தோர் எழுத்திலே தம் அறிவைக் காட்டினர்.

பெண்களுக்கு நடந்த விரிவுரைகளின் புகழ் தொழிலாளரிடமும் சென்றது. குரூ என்பது இரயில் வண்டிகளாலேயே உண்டான ஊர். ஸ்டூவர்ட் பிறந்த அதே 1843-ஆம் ஆண்டில்தான் அங்கு இரயில் எந்திரத் தொழிற்சாலை வேலை தொடங்கிற்று. அவ்வூர்த் தொழிலாளரின் சங்கத்தில் பேசும்படி அழைப்பு வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் எரிநட்சத்திரங்கள். 1866 நவம்பர் மாதத்தில் ஓரிரவு ஆயிரக்கணக்கான எரிநட்சத்திரங்கள் மழைபோற் பொழிந்ததை ஐரோப்பா முழுதும் மக்கள் கண்டு திகைத்திருந்தனர். தாம் கண்ணாற் கண்டதன் காரணத்தை அறியவேண்டுமென்ற ஆவல் அத்தொழிலாளர்க்கு மிகுந்திருந்தது. மண்டபம் நிறைந்தது. ஸ்டூவர்ட்டின் நல்லூழ் என்று சிலர் இதனைச் சொல்வர். நாமோ, மக்கள் மனத்தில் ஏற்கெனவே எழுந்து நின்ற வினாவிலிருந்து பாடத்தைத் தொடங்கிய அவர் அறிவுடைமை என்று சொல்வோம். அதன்பின் அவர்களுக்கும் ஒற்றை உபந்நியாசமாக அன்றித் தொடர் விரிவுரையாகவே நடத்தினார்.

மூன்றாவது சம்பவம் ரோச்டேலில் நிகழ்ந்தது. கூட்டுறவு இயக்கத்தின் தொட்டிலாகிய இவ்வூரில் 1844-இல் ஏழைத் தொழிலாளர் சிலர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் விற்கும் சிறு கடையொன்று வைத்தனர். அக்கடை வளர்ந்து, இலாபத்தில் நூற்றுக்கு 2½ வீதம் உறுப்பினர் கல்விக்கென ஒதுக்கும் நிலையை அடைந்தது. ஸ்டூவர்ட் அங்கு வாரந்தோறும் விரிவுரை செய்தபோது, ஒருநாள் சுவரில் மாட்டிய படங்களைக் கழற்ற நேரமில்லாமையால், அடுத்த வாரம்வரை அவை அங்கேயே தொங்கட்டுமென்று மண்டபக் காவலரிடம் சொல்லிச் சென்றார். மறுவாரம் அவர் திரும்பியபோது காவலர் ஒரு செய்தி சொன்னார். படங்களைச் சுற்றி வாரம் முழுதும் உறுப்பினர் கூடிநின்று வாதித்தனரென்றும், அவர்களுக்குச் சில ஐயங்கள் உண்டென்றும், விரிவுரைக்கு முன்னர் வந்து அவற்றைத் தீர்க்க ஆசிரியர் உடன்படுவாராவென்று கேட்கின்றனரென்றும் கூறினார். ஸ்டூவர்ட் மகிழ்ந்து உடன்பட்டார். ஆசிரியரும் மாணவரும் எதிரெதிராக அமர்ந்து ஐயந்தீர்க்கும் வகுப்பு இவ்வாறு பிறந்தது. அங்கே வாய்மொழி வினாவிற்குத் தடையொன்றுமில்லை. இயந்திரத்தைக் கையாளும் மனிதர், நூலறிவாளர் ஒருவர் எளிதில் விடைகூற இயலாத வினாக்களை அஞ்சாமல் எழுப்பினர்.

அச்சிட்ட பாடக்குறிப்பு, வாரந்தோறும் எழுதும் விடை, ஐயந்தீர்க்கும் வகுப்பு, தொடர் விரிவுரையின் முடிவில் ஒரு பரீட்சை: இவையே பின்னர்ச் சர்வகலாசாலை விரிவு இயக்கம் என்று பேர்பெற்றதன் உறுப்புகள். இவற்றுள் முதல் மூன்றையும் ஸ்டூவர்ட் அறையிலமர்ந்து கற்பனை செய்யவில்லை என்பதை வாசகர் கவனிப்பாராக. குறிப்பெடுக்கத் தெரியாமை, ஊராரின் கட்டுப்பாடு, கழற்ற நேரமில்லாத படம் ஆகிய மூன்று இடையூறுகளிலிருந்து அவை கிடைத்தன. அவர் செய்ததெல்லாம், கேட்போர் காட்டிய வழியை மதித்து அதனைக் கைவிடாமற் போற்றியதே. இப்படிச் செய்வார் ஆசிரியருள் மிகச் சிலர்.

தனியொருவர் எத்தனை ஊர்களுக்கு ஓடுவார்? ஆகவே 1871-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை உறுப்பினர்க்கு ஒரு திறந்த மடல் எழுதினார். சர்வகலாசாலையே ஆசிரியர்களைத் தேர்ந்து, ஊர்களைச் சில வட்டங்களாக வகுத்து, ஒவ்வொருவரையும் ஒரு வட்டத்தில் சுற்றிவரச் செய்தல் வேண்டுமென்பது அவர் வேண்டுகோள். இரயில் பாதைகள் நாடெங்கும் பரவியிருந்தமையால் இது நடக்கக்கூடியதாயிற்று. குரூ தொழிலாளரும், ரோச்டேல் கூட்டுறவாளரும், பெண்கல்விச் சபையாரும் தத்தம் விண்ணப்பங்களை அனுப்பினர். பழமையில் ஊறிய சர்வகலாசாலை சிறிது தயங்கி, ஒரு குழுவை நியமித்து ஆராய்ந்து, இறுதியில் இசைந்தது. 1873-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நாட்டிங்ஹாம், டார்பி, லெஸ்டர் ஆகிய மூன்று நகரங்களிலும் முதல் வகுப்புகள் தொடங்கின. பொருளாதாரம், எந்திர விதிகள், ஆங்கில இலக்கியம் ஆகியன பாடங்கள். பகலில் வீட்டிலிருக்கும் பெண்கள், இரவில் வேலை முடித்த ஆண்கள் என வெவ்வேறு வேளைகளில் வகுப்புகள் அமைந்தன. ஸ்டூவர்ட் குழுவின் முதற் காரியதரிசியாக உழைத்தார். லண்டனில் 1876-இலும், ஆக்ஸ்போர்டில் 1878-இலும் இவ்வேலை தொடங்கப்பட்டது.

நாட்டிங்ஹாமில் விளைந்த பயன் யாரும் எதிர்பாராதது. இவ்விரிவுரைகளுக்கு நகரசபை தக்க கட்டடம் அமைக்குமாயின் 10,000 பவுன் தருவதாகப் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 1875-இல் முன்வந்தார். 1877-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1881-இல் அங்கே ஒரு கலாசாலை திறக்கப்பட்டது. 1948-இல் அது தனிச் சர்வகலாசாலையாயிற்று. ஷெபீல்டில் எஃகு வியாபாரியான மார்க் பர்த் என்பார் இவ்விரிவுரைகளின் பயனைக் கண்டு 1879-இல் ஒரு கலாசாலை நிறுவினார்; அதன் வழிவந்ததே 1905-இல் எழுந்த ஷெபீல்டு சர்வகலாசாலை. ரெடிங், எக்ஸிடர் ஆகிய நகரங்களின் சர்வகலாசாலைகளும் இவ்வியக்கத்தின் கிளைகளாகத் தோன்றிய கலாசாலைகளிலிருந்தே வளர்ந்தன.

இவ்வளவும் வெற்றி. வெற்றியோடு நிறுத்தினால் வரலாறு இனிதாக இருக்கும், ஆனால் உண்மையாகாது. வடகோடியிலுள்ள நார்தம்பர்லந்து மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் செய்தியை விரிவாகக் கூறாமல் நாம் மேலே செல்லலாகாது.

1879-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அச்சுரங்க ஊர்களில் விரிவுரைகள் தொடங்கின. பூமிக்கடியில் நாள் முழுதும் உழைத்து, கரி படிந்த முகத்தைக் கழுவிக்கொண்டு, நூற்றுக்கணக்கானோர் வந்து அமர்ந்தனர். தாம் அன்றாடம் வெட்டும் கரி எவ்வாறுண்டாயிற்று என்பதைப் பூதத்துவ நூல் வல்லார் விளக்கக் கேட்டனர். இவர்களுள் சகோதரர் இருவர், விரிவுரை நடக்கும் ஊருக்கு 5 மைல் தொலைவில் வாழ்ந்தனர். மாலையில் வருவதற்கு இரயில் உண்டு. இரவில் திரும்புதற்கு வாய்ப்பான வண்டி இல்லை. மூன்று மாதம் வாரந்தோறும் நடந்தே வீடு சேர்ந்தனர். ஒருநாள் புயலில் வழிதவறி இடுப்பளவு வெள்ளத்தில் அகப்பட்டும் தப்பினர். அவர்கள் செய்தது அம்மட்டோ? தாம் கேட்டதைத் தம் ஊரிலுள்ள சக தொழிலாளர் இருபதுபேருக்குத் தாமே வகுப்பு வைத்துக் கற்பித்தனர். எழும்பூரில் டாக்டர் பெல் வகுத்த முறை, அவரை அறியாத சுரங்கத் தொழிலாளர் இருவரிடம் தானாகவே தோன்றிய விதம் இது.

பின்னர் 1887-இல் அம்மாகாணத்துச் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம் நேர்ந்தது. கூலியற்ற குடும்பங்கள் உணவுக்கே அலைந்தன. விரிவுரைக்குச் செலுத்தும் கட்டணம் நின்றது. கட்டணம் நிற்கவே விரிவுரைகளும் நின்றன. பல்லாண்டு உழைப்பாற் கட்டிய வகுப்புகள் ஒரு பருவத்திற் சிதைந்தன.

இதற்குக் காரணம் யாது? சர்வகலாசாலை தன் பெயரையும் ஆசிரியரையும் தந்தது, பணத்தைத் தரவில்லை. ஆசிரியர் சம்பளம், மண்டப வாடகை, அச்சுக்கூலி யாவும் அந்தந்த ஊரார் கட்டணத்தால் ஈடுசெய்யப்படவேண்டும். கட்டணம் தர வல்லார் வாழும் ஊர்களில் வகுப்புகள் செழித்தன. வசதியுள்ள குடும்பத்துப் பெண்களும் நடுத்தர வகுப்பினரும் பெரும்பயன் பெற்றனர். கூலியாளர் தொகை எதிர்பார்த்த அளவு கூடவில்லை. ரோச்டேலில் கூட்டுறவுக் கடையின் இலாபம் கல்வியைத் தாங்கிற்று. சுரங்க ஊர்களிலோ தாங்குவதற்குத் தொழிலாளர் கூலியன்றி வேறில்லை. ஸ்டூவர்ட் வகுத்த கற்பிக்கும் முறையில் நாம் ஒரு குறையும் காணோம். ஆனால் எவரைக் கருதி அதனை வகுத்தாரோ அவர்க்கே அதன் விலை எட்டாததாயிருந்ததை அவரால் மாற்ற முடியவில்லை.

பெண்கள் நிலையிலும் ஒரு முரண் இருந்தது. விடைத்தாள் எழுதிக் குவித்த அம்மாதர்களின் ஆர்வமே கேம்பிரிட்ஜை வெளியே வரச் செய்தது. ஆயினும் அச்சர்வகலாசாலை பெண்களுக்கு முழு உரிமையோடு பட்டம் வழங்கியது 1948-இற்றான்.

இனி ஸ்டூவர்ட்டின் மற்ற அலுவல்களைச் சுருக்கமாகக் கூறுவோம். 1875-இல் கேம்பிரிட்ஜ் அவரை எந்திரக்கலைப் பேராசிரியராக்கிற்று. கணக்குப் போட்டால் எந்திரம் விளங்கிவிடுமென்று நம்பிய அவ்விடத்தில், மாணவர் கையால் இரும்பைத் தொடவேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். சர்வகலாசாலை இடந்தராத நிலையில், தம் செலவில் ஒரு கடைசல் இயந்திரமும் தொழிலாளியும் வைத்துப் பட்டறை தொடங்கினார். மரக்கொட்டகையில் நடந்த அப்பட்டறை வெளியார்க்கும் கருவிகள் செய்து விற்றுத் தன் செலவைத் தானே ஈட்டிற்று. உண்மையான வேலையைச் செய்தால்தான் மாணவன் தொழில் கற்பானென்பது அவர் கொள்கை. சர்வகலாசாலை என்ன, கொல்லன் உலையாவென்று பலர் முகஞ்சுளித்தனர். எந்திரக் கலைக்குத் தனிப் பட்டப் பரீட்சை வேண்டுமென்ற தீர்மானம் 1887-இல் தோற்றது. சில ஆண்டுகளில் அவர் பதவியினின்றும் விலகினார். அவருக்குப்பின் வந்த யூயிங் என்பார் காலத்தில், 1892-இல் அப்பரீட்சை ஏற்கப்பட்டது.

வட இங்கிலாந்துச் சபையில் தொடங்கிய பட்லர் அம்மையாரின் நட்பு அவரை மற்றொரு போராட்டத்திலும் ஈடுபடுத்தியது. படைவீரர் தங்கும் நகரங்களில் ஏழைப் பெண்களைப் பிடித்துப் பலவந்தமாகச் சோதனைக்குட்படுத்த இடந்தந்த சட்டங்களை நீக்க அம்மையார் பல்லாண்டு உழைத்தார். பொதுச்சபையில் பேசவும் கூசுதற்குரிய பொருளென்று மேன்மக்கள் ஒதுங்க, ஸ்டூவர்ட் அவர்க்கு உறுதுணையாக நின்றார். அச்சட்டங்கள் 1886-இல் நீக்கப்பட்டன. அப்போது ஸ்டூவர்ட் பார்லிமெண்டில் இருந்தார். 1882-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைத் தொகுதிக்கு நின்று தோற்றவர், 1884-இல் லண்டனின் ஹாக்னி தொகுதியிலும், 1885 முதல் 1900 வரை ஹாக்ஸ்டன் தொகுதியிலும், 1906 முதல் 1910 வரை ஸண்டர்லந்து தொகுதியிலும் லிபரல் கட்சி உறுப்பினராக விளங்கினார். பட்டதாரிகள் தள்ளியவரைக் கூலித்தொழிலாளர் நிறைந்த ஹாக்ஸ்டன் பதினைந்தாண்டு வைத்துக்கொண்டது. இடையே ஸ்டார் என்னும் லண்டன் மாலைப் பத்திரிகையின் நிர்வாகத்தையும் ஏற்று நடத்தினார்.

1890-இல் அவர் நாரிச் நகரத்துக் கடுகு வியாபாரியாகிய கோல்மனின் மகள் லாரா அம்மையாரை மணந்தார். மாமனார் 1898-இல் மறைந்தபின் அப்பெரிய தொழிற்சாலையின் இயக்குநரானார். அதே ஆண்டில், தாம் பயின்ற ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலை மாணவர்கள் அவரைத் தங்கள் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். அப்பதவிக்குரியாரை மாணவரே வாக்களித்துத் தெரிந்தெடுப்பது ஸ்காட்லாந்து வழக்கம். நம் கலாசாலை மாணவர்க்கு இவ்வுரிமையில் ஆசை பிறக்கலாம். அதனை நிர்வாகத்தாரிடம் எடுத்துரைக்கும் பொறுப்பு நம்முடையதன்று.

அவர் முதுமையிற் கண்ட ஒரு நிகழ்ச்சி இங்கே கூறத்தக்கது. ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்னும் கூட்டுறவுக் குமாஸ்தா ஒருவர் 1903-இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தை நிறுவினார். சர்வகலாசாலையும் தொழிலாளரும் சமமாக அமர்ந்து பாடத்தைத் தீர்மானித்தலும், பெருங்கூட்டத்தை விட்டு முப்பது பேருக்கு மிகாத வகுப்பில் மூன்றாண்டு இடைவிடாது கற்றலும் வேண்டுமென்பது அச்சங்கத்தார் கண்ட வழி. அத்தகைய முதல் வகுப்புகள் 1908-இல் லாங்டனிலும், ஸ்டூவர்ட் படங்களை மாட்டிச் சென்ற அதே ரோச்டேலிலும் தொடங்கின. இரண்டிற்கும் ஆசிரியர் கல்கத்தாவிற் பிறந்த ஆர். எச். டானி. விரிவுரை ஒரு மணி நேரம், அதன்பின் வினாவிடை ஒரு மணி நேரம். கட்டுரை எழுதுதலும் உண்டு. ஸ்டூவர்ட் தடுமாறிக் கண்டவை இங்குச் சட்டங்களாயின. பணச் சிக்கலுக்கும் ஒரு வழி பிறந்தது. இவ்வகுப்புகளுக்குச் சர்வகலாசாலையும் அரசாங்கமும் பொருளுதவி செய்தன.

1909-இல் அரசரின் மந்திராலோசனை சபை உறுப்பினராகும் சிறப்பு ஸ்டூவர்ட்டுக்கு வந்தது. 1911-இல் தம் நினைவுகளை எழுதி நூலாக்கினார். 1913-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ஆம் தேதி நாரிச்சில் தம் இல்லத்திலே காலமானார். அவர் தொடங்கிய கேம்பிரிட்ஜ் குழு 1924-இல் புறநிலைக் கல்வி மன்றமாக மாறி, பின்னர்த் தொடர்கல்விக்குரிய நிலையமாகப் பெயர்பெற்று, மாடிங்லி மாளிகையில் நடைபெறலாயிற்று. நாரிச் நகரத்தில் லாரா அம்மையார் கணவரின் நினைவாக ஏழைகளுக்கு வீடுகள் கட்டுவித்தார். அவற்றையடுத்து, அவர் பெயரால் ஒரு சிறு பூந்தோட்டமும் உள்ளது.